ஹோஸ்டிங் கணக்கிலிருந்து ஸ்பேம் கிளம்பினால்: காரைக்குடி வட்டாரத் தளக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடு, காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை, தேன்குழலும் சீப்புச்சீடையும் பார்சல் அனுப்பும் பலகாரக் கடை, ஊர் ஊருக்கு ஒரு நகரச் சங்கம் என்று நம் பக்கத்தில் சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்கள் நிறைய. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வரும் விசாரணைகள் இவர்களுக்கு மெயிலில்தான் வருகின்றன. தளம் இரண்டு நாள் திறக்காவிட்டால்கூடச் சமாளித்துக்கொள்ளலாம். மெயில் நின்றால் வியாபாரமே நின்றுவிடும்.

அப்படி நிற்கும்போது வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, சிங்கப்பூருக்குப் போட்ட கொட்டேஷன் திரும்பி வந்துருச்சு, ஜிமெயிலுக்கும் போக மாட்டேங்குது." உள்ளே போய்ப் பார்த்தால், அந்தக் கணக்கிலிருந்து ராத்திரி முழுக்க முகம் தெரியாதவர்களுக்கு மருந்து விளம்பரமும் போலி பார்சல் அறிவிப்பும் போயிருக்கும்.

உடனே பலரும் மெயில் வரிசையை (சர்வரில் அனுப்பக் காத்திருக்கும் மெயில்களை)க் காலி செய்வார்கள், எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுவார்கள், பிளாக்லிஸ்டிலிருந்து (ஸ்பேம் அனுப்புகிறவர்களின் தடைப் பட்டியலிலிருந்து) எடுக்கச் சொல்லி மனுப் போடுவார்கள். மூன்றுமே செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அவற்றைச் செய்தால் மூன்று நாளில் அதே தொல்லை திரும்பி வரும். நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: ஸ்பேம் எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள். வரிசையில் தேங்கிக் கிடக்கும் அந்தக் குப்பை மெயில்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி.

இந்த வழிகாட்டியை சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்து எழுதுகிறேன், நம் ஊர் ஷேர்டு ஹோஸ்டிங்கில் அதிகம் புழங்குவது அதுதான். அதற்குள் மெயிலை அனுப்பும் மென்பொருள் எக்ஸிம். டைரக்ட்அட்மினிலும் எக்ஸிம்தான். பிளெஸ்க் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கும். மெனுப் பெயர்கள் மாறும், தேடும் முறை மாறாது.

ஒருவர் செய்வது எல்லோரையும் ஏன் பாதிக்கிறது

நம் பெரிய வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிச் சமையல். தெருவாசல் மட்டும் பொது. ஷேர்டு ஹோஸ்டிங்கும் அதே அமைப்புத்தான். பல தளங்கள் ஒரே சர்வரில் குடியிருக்கின்றன, வெளியுலகுக்குத் தெரியும் ஐபி எண் ஒன்று. ஒரு புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பம்) செய்யும் காரியத்துக்கு அந்த வாசலிலிருந்து வரும் அத்தனை பேரையும் சந்தேகப்படுவார்கள். ஆகவே உங்கள் மெயில் நின்றதற்குக் காரணம் உங்கள் கணக்காகவும் இருக்கலாம், அதே சர்வரில் இருக்கும் வேறொருவராகவும் இருக்கலாம். இதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

இன்னொரு அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982இல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வந்தது. அனுப்புநர் முகவரியில் யார் எதை எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். அன்றைக்கு இணையத்தில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர், ஒருவரை ஒருவர் நம்பினார்கள். பின்னால் வந்த எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றும் அந்த ஓட்டையை அடைக்கப் போட்டவை.

படி 1: அது உண்மையிலேயே உங்களிடமிருந்து போகிறதா?

உங்கள் இன்பாக்ஸில் நூற்றுக்கணக்கில் "டெலிவரி ஆகவில்லை" என்று பவுன்ஸ் மெயில் குவிவதை மட்டும் வைத்து உங்கள் கணக்கை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். வேறெங்கோ உட்கார்ந்திருப்பவன் உங்கள் முகவரியை அனுப்புநராக எழுதி அனுப்பியிருந்தாலும், போய்ச் சேராதவை உங்களிடம்தான் திரும்பி வரும். உங்கள் சர்வருக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

கண்டுபிடிக்க ஒரு பவுன்ஸைத் திறந்து, அதில் இணைந்து வரும் மூல மெயிலின் ஹெடரை (யாரிடமிருந்து, எந்த வழியாக வந்தது என்ற விவரங்கள் உள்ள தலைப்பகுதியை)ப் பாருங்கள். ரவுண்ட்கியூப் வெப்மெயிலில் மூலத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. "ரிசீவ்ட்" என்று தொடங்கும் வரிகளை மேலிருந்து கீழே படிக்காமல் கீழிருந்து மேலே படியுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு சர்வரும் தன் வரியை உச்சியில்தான் ஒட்டுகிறது. அடியில் இருப்பவற்றை ஸ்பேமரே போலியாக எழுதியிருக்கலாம், அதனால் அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். பவுன்ஸ் அனுப்பிய சர்வர், தான் யாரிடமிருந்து அந்த மெயிலை வாங்கினேன் என்று எழுதிய வரிதான் முக்கியம். பவுன்ஸ் அனுப்பியது உங்கள் சர்வரே இல்லை, அந்த வரியிலும் உங்கள் ஹோஸ்டிங்கின் ஐபி இல்லை என்றால் போலி முகவரி வேலை. நேராகப் படி 7க்குப் போய் டிஎன்எஸ் பதிவுகளை (டொமைனுக்கான பொது விவரக் குறிப்புகளை)ச் சரிசெய்தால் போதும்.

சிபேனலிலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. "ட்ராக் டெலிவரி" என்ற பக்கத்தில் உங்கள் கணக்கிலிருந்து போன மெயில்களின் பட்டியல் வரும். ஸ்பேம் அங்கே தெரிந்தால் அது உங்களுடையதுதான்.

படி 2: ஓட்டத்தை நிறுத்துங்கள், ஆனால் அழிக்க வேண்டாம்

சிபேனலில் "ஈமெயில் அக்கவுண்ட்ஸ்" பக்கத்துக்குப் போய், அந்த முகவரிக்கான "மேனேஜ்" பக்கத்தைத் திறந்தால், வெளியே போகும் மெயிலுக்கு மூன்று தேர்வுகள் இருக்கும்: அனுமதி, சஸ்பெண்ட், ஹோல்ட். இங்கே ஹோல்ட்தான் நமக்கு வேண்டும். சஸ்பெண்ட் செய்தால் மெயில் ஏற்கப்படாது. ஹோல்ட் செய்தால் வரிசையில் தங்கி நிற்கும், நாம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். சொந்த சர்வரோ விபிஎஸ்ஸோ (தனக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) வைத்திருப்பவர்கள் ரூட் உரிமையில் (சர்வரின் முழு நிர்வாக உரிமையில்) முழுக் கணக்கையுமே ஹோல்டில் போட முடியும்.

ஸ்பேம் முகவரியிலிருந்து போகவில்லை, தளத்திலுள்ள ஸ்கிரிப்ட் வழியாகப் போகிறது என்று சந்தேகம் இருந்தால், விசாரணைப் படிவம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் போன் நம்பரையும் வாட்ஸ்அப் நம்பரையும் போடுங்கள். முகூர்த்த மாதத்தில் பலகார ஆர்டர் எடுப்பவருக்கு இது கஷ்டம்தான். ஆனாலும் ஒருநாள் படிவம் இல்லாமல் இருப்பது ஒரு மாதம் மெயில் இல்லாமல் இருப்பதைவிட மேல்.

படி 3: வழியைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ரூட் உரிமை உள்ளவர்கள் டபிள்யூஎச்எம்மில் (சர்வர் முழுவதையும் நிர்வகிக்கும் சிபேனலின் மேல்பகுதி) "மெயில் க்யூ மேனேஜர்" திறந்து தேங்கியிருக்கும் மெயில்களைப் பார்க்கலாம். டெர்மினலில் பார்ப்பவர்கள் எக்ஸிம் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, b, p, c என்று சேர்த்து (exim -bpc) அடித்தால் வரிசையில் எத்தனை மெயில் என்ற எண்ணிக்கை வரும். கடைசி சி இல்லாமல் அடித்தால் பட்டியலே வரும். பட்டியலில் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு அடையாளக் குறி இருக்கும். அந்தக் குறியோடு சிறுகோடு, பெரிய எம், சிறிய வி, சிறிய ஹெச் சேர்த்து (-Mvh) கேட்டால் ஹெடர் முழுக்க விரியும்.

அடுத்தது எக்ஸிமின் மெயின் லாக் (போன, வந்த மெயில்களைப் பதியும் கோப்பு). சிபேனல் சர்வர்களில் அது வார் என்ற அடைவுக்குள் லாக் அடைவில் இருக்கும். அதில் நான்கு குறிகள் தெரிந்தால் போதும். <= என்றால் மெயில் சர்வருக்குள் வந்தது. => என்றால் வெளியே சேர்ந்தது. == என்றால் தள்ளிப்போனது.  ** என்றால் தோற்றது. ஸ்பேம் எப்படி நுழைந்தது என்பதை <= வரிதான் சொல்லும். அந்த வரியில் மூன்றில் ஒன்று தெரியும்.

ஒன்று, டவ்காட் லாகின் (dovecot_login) என்ற சொல்லும் ஒரு மெயில் முகவரியும். அப்படியென்றால் யாரோ சரியான பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்து அனுப்பியிருக்கிறார்கள், பாஸ்வேர்டு போய்விட்டது. அதே வரியில் எந்த ஐபியிலிருந்து வந்தார்கள் என்பதும் இருக்கும். உங்கள் கடை தேவகோட்டையில் இருக்க, அந்த ஐபிக்கள் நிமிடத்துக்கு ஒரு நாட்டைக் காட்டினால் வேறு ஆதாரம் தேவையில்லை.

இரண்டு, லோக்கல் என்ற சொல்லும் உங்கள் சிபேனல் பயனர் பெயரும். அப்படியென்றால் சர்வருக்குள்ளேயே இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் அனுப்புகிறது. அதற்குச் சற்று மேலே சிடபிள்யூடி (cwd) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். எந்த அடைவில் நின்று அந்த ஸ்கிரிப்ட் ஓடியது என்று அது காட்டும். வேர்ட்பிரஸின் படங்கள் தங்கும் அப்லோட்ஸ் அடைவு அங்கே வந்தால் கிட்டத்தட்ட ஆளைப் பிடித்தாயிற்று, அங்கே பிஎச்பி கோப்புக்கு வேலையே இல்லை. தளத்தின் மூல அடைவே வந்தால் இன்னும் தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்குத் துணை, பிஎச்பி 5.3இல் வந்த ஒரு வசதி. பிஎச்பி அமைப்பில் மெயில் ஆட் எக்ஸ் ஹெடர் என்ற தேர்வை ஆன் செய்தால், பிஎச்பியின் மெயில் செயல்பாடு வழியாகப் போகும் ஒவ்வொரு மெயிலிலும் எந்தக் கோப்பு அதை அனுப்பியது என்ற பெயர் ஹெடரில் ஏறிவிடும். பக்கத்திலேயே மெயில் லாக் என்ற தேர்வும் உண்டு. பிரச்சினை வருவதற்கு முன்பே இரண்டையும் ஆன் செய்து வையுங்கள். செலவு எதுவும் இல்லை.

மூன்று, வெளியிலிருந்து உங்களுக்கு வந்த மெயிலே திரும்ப வெளியே போவது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கடையின் இன்ஃபோ முகவரிக்கு வருவதெல்லாம் தன் ஜிமெயிலுக்குப் போகட்டும் என்று ஃபார்வர்டு போட்டு வைத்திருப்பார்கள். அந்த முகவரிக்கு வரும் ஸ்பேமும் அப்படியே ஜிமெயிலுக்குப் போகும். ஜிமெயிலின் பார்வையில் அனுப்புவது உங்கள் சர்வர். யாரும் எதையும் உடைத்து நுழையாமலே உங்கள் பெயர் கெட்டுப்போகும். ஃபார்வர்டை எடுத்துவிட்டு, போனில் உள்ள மெயில் செயலியில் அந்தக் கணக்கையே ஐமேப் மூலம் சேர்த்துவிடுவதுதான் நல்லது.

ரூட் உரிமை இல்லாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், லாகைப் பார்க்க முடியாது. ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு "மெயில் போகவில்லை, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஒரு பதில் வரும், அத்தோடு டிக்கெட்டை மூடிவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: ஸ்பேம் மெயில் ஒன்றின் முழு ஹெடர், அதற்கான <= லாக் வரி, சிடபிள்யூடி வரி இருந்தால் அது, தொடங்கிய நேரம். இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஸ்பேம் உங்கள் கணக்கில் இல்லை என்று அவர்களே சொன்னால், வேறு ஐபிக்கு மாற்றித் தரும்படி அழுத்திக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 4: பாஸ்வேர்டு போயிருந்தால்

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுகிறீர்கள் என்று யோசியுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு திருடும் நிரல் உட்கார்ந்திருந்தால் புதிய பாஸ்வேர்டும் அதே கையோடு போய்விடும். சந்தேகமில்லாத வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். கடைக் கம்ப்யூட்டரை முழுமையாக ஸ்கேன் செய்யாமல் அதில் புதிய பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள். நம் பக்கத்தில் கடைப் பெயரோடு ஆண்டைச் சேர்த்தும், ஊர் பின்கோடைச் சேர்த்தும் பாஸ்வேர்டு வைக்கும் பழக்கம் அதிகம். ஸ்பேமர்களின் நிரல்கள் முதலில் முயல்வதே இப்படிப்பட்டவற்றைத்தான்.

மாற்றியபின் வேலை முடிந்துவிடாது. சிபேனலில் ஃபார்வர்டர்கள், ஃபில்டர்கள், ஆட்டோரெஸ்பாண்டர்கள் மூன்று பக்கத்தையும் திறந்து பாருங்கள். நுழைந்தவன் உங்களுக்கு வரும் மெயிலின் நகல் தனக்கும் வரும்படி ஒரு விதி போட்டு வைத்திருக்கலாம். பாஸ்வேர்டு மாறினாலும் அந்த விதி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்பேமைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். அந்த மெயில்பாக்ஸில் டைல்ஸ் ஏற்றுமதியின் புரோஃபார்மா இன்வாய்ஸ் இருந்ததா? விடுதியில் தங்க வந்தவர்களின் பாஸ்போர்ட் நகல் இருந்ததா? உள்ளே வந்தவன் அவற்றைப் படித்துவிட்டு, உங்கள் பெயரிலேயே "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று மலேசியாவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு எழுத முடியும். அதனால் பணம் வரவேண்டிய ஒவ்வொருவரையும் அன்றைக்கே போனில் கூப்பிட்டுக் கணக்கு எண்ணை வாயால் சொல்லி உறுதி செய்யுங்கள். மெயிலில் சொல்வது இந்த நேரத்தில் பயன்படாது. நம் நாட்டில் யாராவது பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

படி 5: ஸ்கிரிப்ட் அனுப்பியிருந்தால்

இதில் இரண்டு வகை. ஒன்று, நீங்களே வைத்த படிவத்தை எவனோ தவறாகப் பயன்படுத்துவது. மற்றது, தளத்துக்குள் புதிதாக ஒரு கோப்பை நுழைத்து அனுப்புவது.

படிவத்தை எடுத்துக்கொள்வோம். பழைய படிவங்களில், விசாரிப்பவர் தட்டும் முகவரி நேராக மெயிலின் ஹெடருக்குள் போகும். முகவரிக்கு நடுவே ஒரு வரி முறிப்பைத் திணித்து, அடுத்த வரியில் பிசிசி என்று ஆயிரம் முகவரிகளைச் சேர்த்துவிட்டால், உங்கள் விசாரணைப் படிவம் ஸ்பேம் இயந்திரமாகிவிடும். இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. 1990களில் எங்கும் பரவிய ஃபார்ம்மெயில் என்ற பெர்ல் ஸ்கிரிப்டும், பெறுநர் முகவரியைப் படிவத்திலிருந்தே எடுத்ததால், ஸ்பேமர்களுக்கு வழியாக இருந்தது. 2016 டிசம்பரில் பிஎச்பிமெயிலர் நூலகத்தில் வெளியான பெரிய ஓட்டையும் அனுப்புநர் முகவரியைச் சரியாகச் சோதிக்காததால் வந்ததுதான்.

சரிசெய்ய வேண்டியவை இவை. பெறுநர் முகவரி கோடிலேயே நிலையாக இருக்க வேண்டும், படிவத்திலிருந்து வரக் கூடாது. அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், விசாரிப்பவரின் முகவரி ரிப்ளை-டூவில் மட்டும் போகட்டும். பெயர், முகவரி, தலைப்பு மூன்றிலும் வரி முறிப்பு வந்தால் படிவத்தையே நிராகரியுங்கள். "உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பவா?" என்ற டிக் பெட்டியை எடுத்துவிடுங்கள். அதை வைத்து உங்கள் சர்வரிலிருந்தே யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். புதிய வாடிக்கையாளர் பதிவுப் பக்கத்திலும் இதே வேலை நடக்கிறது. பெயர் என்ற இடத்தில் சூதாட்டத் தளத்தின் முகவரியை எழுதி, மின்னஞ்சல் என்ற இடத்தில் பலியாளின் முகவரியைப் போட்டால், "வணக்கம்" என்று தொடங்கி அந்தச் சூதாட்ட முகவரியோடு உங்கள் கடை நன்றி மெயில் அனுப்பும். பெயருக்கு நீள வரம்பு வைத்து, இணைய முகவரி போலத் தெரிந்தால் தடுத்து, அனுப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் ரீகேப்சாவோ டர்ன்ஸ்டைலோ போட்டால் பெரும்பகுதி நின்றுவிடும்.

இரண்டாவது வகை கடினம். முதலில் முழுத் தளத்தையும் டேட்டாபேஸையும் அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு சிடபிள்யூடி காட்டிய அடைவில் உள்ள விநோதமான பெயருடைய பிஎச்பி கோப்புகளைத் திறந்து பாருங்கள். பேஸ்64 டிகோட், இவால், ஜிஇசட் இன்ஃப்ளேட் (base64_decode, eval, gzinflate) போன்ற சொற்களும், அர்த்தமில்லாமல் நீளும் எழுத்துக் கூட்டமும் இருந்தால் சந்தேகம் உறுதி. கோப்பு மாறிய தேதியை நம்பித் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாற்றிய தேதியைப் பொய்யாக எழுதுவது நுழைந்தவனுக்கு எளிது. லினக்ஸ் தனியாகப் பதியும் சிடைம் என்ற நேரத்தைப் பொய்யாக்குவது கடினம், அதை வைத்துத் தேடுங்கள். பின்பு அந்தக் கோப்புக்கு யார் எப்போது போஸ்ட் கோரிக்கை அனுப்பினார்கள் என்று தளத்தின் அக்சஸ் லாகில் பாருங்கள். லாகில் உள்ள நேரமும் ஸ்பேமின் நேரமும் ஒத்துப்போனால், அதே ஐபி வேறெந்தக் கோப்புகளைத் தொட்டது என்று பின்தொடரலாம். இரண்டாவது கதவு அப்படித்தான் அகப்படும். அநேகமாக இரண்டாவது ஒன்று இருக்கும்.

வேர்ட்பிரஸாக இருந்தால் அதன் கோர் (மூல) கோப்புகளையும் பிளகின்களையும் அழித்துவிட்டு அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாக ஏற்றுவதுதான் என் முறை. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தால் ஒன்று விட்டுப்போகும். டெர்மினல் தெரிந்தவர்கள் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற வேர்ட்பிரஸ் கட்டளைக் கருவியில் செக்சம் சோதனை ஓட்டினால், மூலத்திலிருந்து மாறிய கோப்புகளை அது காட்டிக்கொடுத்துவிடும். டீஆக்டிவேட் செய்து விட்டுவைத்த பிளகின்களையும் நீக்குங்கள். அணைத்து வைத்தாலும் அதன் கோப்புகளை வெளியிலிருந்து நேரடியாகக் கூப்பிட முடியும். இலவசமாகக் கிடைக்கிறது என்று எங்கிருந்தோ இறக்கிய விலைத் தீம் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

அப்புறம் நிர்வாகி பட்டியலில் தெரியாத பெயர், சிபேனலில் கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளைகள்), எஃப்டிபி கணக்குகள், எஸ்எஸ்ஹெச் சாவிகள் ஆகியவற்றைப் பாருங்கள். நீக்கிய கோப்பு மறுநாள் காலையில் மறுபடி முளைத்தால் கிரானில் ஒரு வரி மிச்சம் இருக்கிறது என்று பொருள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் வேர்ட்பிரஸின் ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள், அப்போதுதான் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பவர்கள் வெளியேறுவார்கள். கடைசியாக, அப்லோட்ஸ் அடைவில் பிஎச்பி ஓடாதபடி எச்டிஆக்சஸ் கோப்பில் தடை போட்டுவிடுங்கள்.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் எக்ஸிமின் பதிப்பையும் பார்க்க வேண்டும். 2019 ஜூனில் வெளியான எக்ஸிம் ஓட்டை வழியாக வெளியிலிருந்தே ரூட் உரிமையோடு கட்டளை ஓட்ட முடிந்தது. அப்படி ஒன்று நடந்த சர்வரைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. புதிய சர்வர் போட்டு, சுத்தமான தரவை மட்டும் ஏற்றுங்கள்.

படி 6: இப்போது வரிசையைச் சுத்தம் செய்யலாம்

முழு வரிசையையும் ஒரே அடியாக அழிப்பது வேண்டாம். ஸ்பேமுக்கு நடுவே உண்மையான ஆர்டர் உறுதிகளும் இருக்கும். எக்ஸிக்யூக்ரெப் (exiqgrep) என்ற கருவியில் அனுப்புநர் முகவரியைக் கொடுத்து, பொருந்தும் மெயில்களின் அடையாளக் குறிகளை மட்டும் எடுத்து, அவற்றை எக்ஸிமின் நீக்கும் கட்டளைக்கு அனுப்பினால் அந்த முகவரியின் மெயில்கள் மட்டும் போகும். அனுப்புநர் இடம் காலியாக நிற்கும் பவுன்ஸ்களையும் உறைந்து நிற்பவற்றையும் அப்புறம் எடுக்கலாம். அதன்பின் ஹோல்டை எடுத்துவிட்டு அரை மணி நேரம் லாகையே பார்த்துக்கொண்டிருங்கள்.

இனி இப்படி ஆனாலும் சேதம் குறையும்படி வரம்புகளை வைக்க வேண்டும். டபிள்யூஎச்எம்மின் ட்வீக் செட்டிங்ஸில் ஒரு டொமைன் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்ற வரம்பும், எத்தனை சதவீதம் தோற்றால் நிறுத்த வேண்டும் என்ற வரம்பும் இருக்கின்றன. பலகாரக் கடைக்கும் விடுதிக்கும் மணிக்கு 100 என்பதே தாராளம். எஸ்எம்டிபி ரெஸ்ட்ரிக்ஷன்ஸை ஆன் செய்தால், ஸ்கிரிப்ட்கள் எக்ஸிமைத் தாண்டி நேராக 25ஆம் போர்ட்டில் வெளியே பேச முடியாது. எல்லாம் லாகில் பதிந்தே போகும். இல்லாத முகவரிகளுக்கு வரும் மெயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச்-ஆல் வசதியை அணைத்து, நிராகரிக்கும்படி வையுங்கள்.

படி 7: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்

சிபேனலின் "ஈமெயில் டெலிவரபிலிட்டி" பக்கம் முதல் இரண்டையும் சரிபார்த்துத் திருத்தித் தரும். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, கூகுளுக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால் இரண்டுமே செல்லாது. அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டவும் கூடாது. டிமார்க்கை முதலில் நன் (none, எதுவும் செய்யாதே) என்ற கொள்கையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்துவிட்டு குவாரன்டைனுக்கு (quarantine, சந்தேக மெயிலை ஒதுக்கிவை) மாற்றுங்கள். படி 1இல் சொன்ன போலி முகவரித் தொல்லைக்கு மருந்து இதுதான்.

ஆனால் இதை ஒரு காவலாக நினைத்து ஓட்டையை விட்டுவைக்காதீர்கள். உங்கள் சர்வரிலிருந்தே போகும் ஸ்பேமுக்கும் உங்கள் டிகிம் கையெழுத்து விழும். கையெழுத்தோடு போன குப்பை ஐபியை மட்டும் கெடுக்காது, டொமைனின் பெயரையே கெடுக்கும். ஐபியை ஒரு நாளில் மாற்றிவிடலாம், கடைப் பெயரை மாற்ற முடியாது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் தன் விதிகளை இறுக்கியிருக்கிறது. எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். பெறுபவர்கள் ஸ்பேம் என்று குறிக்கும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. தீபாவளிக்கு முன் பழைய வாடிக்கையாளர் பட்டியல் முழுக்கவும் ஒரே மெயிலை அனுப்புகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

படி 8: பிளாக்லிஸ்டிலிருந்து வெளியே வருவது

கதவை அடைத்து லாக் ஒருநாள் அமைதியாக இருந்த பிறகே இதற்கு வாருங்கள். ஓட்டை இருக்கும்போதே விண்ணப்பித்து, எடுத்தவர்கள் மறுபடி பட்டியலில் போட்டால் அடுத்த விண்ணப்பத்தை நம்ப யோசிப்பார்கள்.

பிளாக்லிஸ்டுகளை நடத்தும் ஸ்பேம்ஹாஸ் என்ற அமைப்பின் தளத்தில் உங்கள் ஐபியையும் டொமைனையும் தேடிப் பாருங்கள். எக்ஸ்பிஎல் பட்டியலில் இருந்தால் அங்கேயே விண்ணப்பித்து நீக்கிக்கொள்ளலாம். எஸ்பிஎல்லில் இருந்தால் ஐபியின் உரிமையாளரான ஹோஸ்டிங் நிறுவனம்தான் கேட்க வேண்டும். ஸ்பேம்காப் என்ற இன்னொரு பட்டியல், புகார்கள் நின்று 24 மணி நேரத்தில் தானே எடுத்துவிடும். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக ஸ்பேம்ஹாஸைச் சோதித்தால் அது பிழைக் குறி ஒன்றைத் திருப்பித் தரும், சில கருவிகள் அதையே "பட்டியலில் இருக்கிறது" என்று காட்டிப் பயமுறுத்தும். அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. ஸ்பேம்ஹாஸ் நீக்குவதற்குப் பணம் கேட்பதில்லை. யாராவது காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

ஜிமெயிலுக்கு இப்படி ஒரு விண்ணப்பம் போட்டு உடனே வெளியே வரும் வழி இல்லை. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைச் சேர்த்துக் கவனித்து வாருங்கள். சில வாரங்களுக்குப் பதில் மெயில்களும் ஆர்டர் உறுதிகளும் மட்டும் அனுப்புங்கள், விளம்பரம் வேண்டாம். அவசரமான கொட்டேஷனுக்கு அதுவரை வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துங்கள்.

படி 9: தெரிவிக்க வேண்டியவர்கள்

சிஇஆர்டி-இன் (CERT-In) என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தளத்துக்குள் அத்துமீறி நுழைந்து தீய நிரல் வைப்பது போன்ற சம்பவங்களை, நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் அது சொல்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் சில நாளுக்குப் பின் லாக் சுழன்று போய்விடும் என்பதால், படி 3இல் எடுத்த வரிகளையும் படி 5இல் எடுத்த நகலையும் வேறொரு டிஸ்க்கில் தேதி போட்டு வையுங்கள்.

உங்கள் பெயரில் ஸ்பேம் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: இன்ன தேதியில் எங்கள் கணக்கிலிருந்து நாங்கள் அனுப்பாத மெயில் வந்திருக்கும், அதிலுள்ள இணைப்பைத் திறக்க வேண்டாம், எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறவில்லை. நகரச் சங்கமாக இருந்தால் இதை மெயிலில் மட்டும் விடாமல் உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். வயதான உறுப்பினர்களைப் பொறுப்பில் உள்ள யாராவது போனில் கூப்பிட்டு, அந்த இணைப்பைத் தொட்டார்களா, ஓடிபி எதுவும் சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ளட்டும்.